பொட்டு வைத்த திராவகப் புட்டிகள்

ஜொகூர் பாரு,
ஐப்பசி மாதம்

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய உத்தியோகம் என்று எழுதினேனே, அது ரசாயன வகுப்பில் புட்டி கழுவுவதுதான். ஊரில் சொல்லிவிடாதே.

ஆயுத பூஜைக்காகப் புட்டிகளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்தேன். பெயர்ச்சீட்டுகள் உரிந்துவிட்டன. உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீர் மாதிரியே தெரிந்தது. குத்துமதிப்பாக ஒட்டி வைத்தேன். பட்டால் தோலை உரிக்கும் திராவகமும் அதில் உண்டு. வகுப்பில் பிள்ளைகள் புட்டியைத் தூக்கியதும் குறுக்கே ஓடினேன்.

"ஐயா, யாரும் தொடாதீங்க. சீட்டை எல்லாம் நான் மாத்தி ஒட்டிட்டேன்" என்றேன்.

யாழ்ப்பாணத்து வாத்தியார் கதிரேசு பிள்ளைகளிடமிருந்து புட்டிகளை எல்லாம் வாங்கி மேசையில் வைத்தார். "வேலையை விட்டுட்டுப் போறியோ, நிண்டு ஒவ்வொண்டாச் சோதிக்க உதவுறியோ?"

"நிக்கிறேன் ஐயா. பொட்டு வச்சது மட்டும் தப்பில்லையே?"

அவர் சிரிக்கவில்லை. திராவகம் பட்டால் சிவக்கும் நீலத்தாளை ஒவ்வொரு புட்டியிலும் நனைத்து நனைத்துப் பார்த்தோம். அது சிவந்த புட்டிகளை எல்லாம் நான் தனியே எடுத்து வைத்தேன்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. உன் போன கடுதாசியை அப்படியே இன்னொரு தடவை எழுதி அனுப்பு.

உன்
இருளப்பன்

எதற்கு என்று கேட்பாய். சோதிக்கும்போது திராவகம் கொஞ்சம் என் சட்டையில் கொட்டிவிட்டது. சட்டைப்பையும் அதிலிருந்த கடுதாசியும் இப்போது இல்லை.