ஊமைக்கால்

ஜனவரி 11, சனி

இன்றைக்கு நாற்பத்து மூன்று பேரின் வாயை ஒரே வாக்கியத்தில் அடைத்தேன். இந்த ஏரிக்கரைத் துலூத் நகரத்தில் இதற்கு முன் இதைச் செய்தது ஏரிக்காற்று மட்டும்தான்.

எனக்கு நானே எழுதிக்கொள்ளும் நோட்டுதான். ஆனாலும் முறையாகச் சொல்லிவைக்கிறேன். நாளைக்கு என் சிலைக்குக் கீழே பொறிக்க விவரம் தேடி அலைவார்கள், பாவம்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் இந்த ஊரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். வேற்றுக்கிரகக் கதை. பதின்மூன்று வாரம் ஓடிப் படுத்துவிட்டது. விளக்குச் சாமான் ஏற்றிய லாரிக்கு அடியேன் டிரைவர். கிரகத்து ஆட்கள் பேச மொழி இல்லையே என்று இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, லாரியின் முன்சீட்டில், ஒரு டோநட் பெட்டியின் மூடியில், ஒரே மத்தியானத்தில் ஒரு மொழியைப் பெற்றுப்போட்டவன் நான். பெயர் ஓர்வாக். தொடர் செத்தது, மொழி சாகவில்லை. அதைப் பேச இன்றும் நானும் இன்னும் நாற்பத்து மூன்று பேரும் மாதாமாதம் பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் கிளப்பின் பின்கூடத்தில் கூடுகிறோம். மற்ற நாளிலும் விடுவதில்லை. மளிகைக் கடையில், பஸ்ஸில், ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே.

ஓர்வாக்கில் பேசினால் பெரிதாகத்தான் பேச வேண்டும். 'சௌக்கியமா' என்று கேட்டால் அவமரியாதை. 'உங்கள் மூக்கின் நிழலில் மூன்று ஊர் குடியிருக்கிறது' என்றால்தான் வணக்கம். எதிராளி அதற்கும் மேலே ஒன்று ஏற்றிச் சொல்ல வேண்டும். யாரும் நம்ப வேண்டியதில்லை. உண்மை சொல்ல வேண்டுமென்றால் மட்டும் ஒரு கால் பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் ஊன்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கிரகத்தில் தரை சுடும். அதனால் உண்மை சுருக்கமாக இருக்கும். எங்கள் ஊரில் தரை உறையும். பலன் ஒன்றுதான். கூடத்தில் கதவோரம் கொஞ்சம் வெறும் சிமென்ட் இருக்கிறது. அங்கே நின்று சொன்னால் கேட்டவர் நம்பியே ஆக வேண்டும். மறுகேள்வி கிடையாது.

இன்று நான் அந்தச் சிமென்ட்டில் போய் நின்றேன். வலது பூட்ஸைக் கழற்றினேன். "படக்காரர்கள் போன் செய்தார்கள். ஜூன் மாதம் திரும்ப வந்து தொடரை எடுக்கிறார்கள்," என்றேன்.

வேர்ன் சந்தோஷத்தில் அழுதுவிட்டான். பைப் ரிப்பேர்காரன், இருநூற்று எழுபது பவுண்டு ஆள், எங்கள் சங்கத் தலைவன். நான் இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பொய்" என்று சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. காபி நன்றாக இல்லை போலிருக்கிறது.

ஜனவரி 12

அக்கா மகள் பிரிட்டா காலையிலேயே வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். என்னைத் திட்டுவதற்கென்றே இரவுப்பணி முடிந்து நேரே வருகிறவள்.

"மாமா, பொய் சொல்லணும்னா ரெண்டு பூட்ஸும் காலோட இருந்துச்சே. தாராளமா சொல்லிருக்கலாம்ல. எதுக்குக் கழட்டின?"

"தமாஷுக்கு."

"நான் குடியை விட்டுட்டேன்னு சொன்னது அந்த சிமென்ட்ல நின்னுதான். வேர்ன் தனக்கு வந்த நோயைச் சொன்னது அங்கதான். லெனோர் என்ன சொன்னாங்க அங்க, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஆறு வருஷம் ஆகிறது. சங்கத்தின் செயலாளர் லெனோர், அப்போது தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள், ஸ்டாக்கிங்கை உருட்டி இறக்கிவிட்டு நின்று, இரண்டே வார்த்தை சொன்னாள். "ரே போயிட்டார்." புருஷன் செத்த சேதி. அப்புறம் ஸ்டாக்கிங்கை ஏற்றிக்கொண்டு நிகழ்ச்சிக் குறிப்பை வாசித்தாள்.

பூனைக்குத் தண்ணீர் வைக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். எனக்குப் பூனை கிடையாது.

ஜனவரி 18, சனி

விசாரணை. ஒரு மொழியைப் படைத்தவனை அந்த மொழியிலேயே நிறுத்தி விசாரிக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

வேர்ன் எழுந்தான். "பெரியவரே, அந்த இருபது நிமிஷத்துலேயே வாடிக்கைக்காரங்களுக்கு போன் போட்டு ஜூன் மாசம் முழுக்க லீவு சொல்லிட்டேன். வர்ற ஆளுங்களை எல்லாம் வேற பிளம்பர்கிட்ட அனுப்பிட்டேன். அந்த லீவை வெச்சு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

என்னால் அதற்கு மேலே ஏற்றிச் சொல்ல முடியவில்லை.

லெனோர் தீர்ப்பை வாசித்தாள். கண்ணாடிக்கு மேலாக ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு என் கால் ஊமை. நான் பூட்ஸ் கழற்றி எதைச் சொன்னாலும் யாரும் கேட்கக் கூடாது. 'ஊமைக்கால்' என்பதற்கு ஓர்வாக்கில் வார்த்தை இல்லை; அவர்களே கூடி ஒன்று செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமல் அந்த மொழியில் பிறந்த முதல் வார்த்தை.

நல்ல வார்த்தைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜனவரி 25

எனக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையில்லாததால் ஏழு டன் இளைத்துவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பிரிட்டா சூப் கொண்டுவந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "லெனோர் வீட்டை விக்கிறாங்களாம் மாமா. தெக்கே பாலைவனப் பக்கம், டூசான்ல மகன் வீட்டோட போறாங்களாம். ஏப்ரல் கடைசியில."

சூப்பில் உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"என்ன மாமா, மூஞ்சி செத்துப்போச்சு?"

"கிழங்கு சூடு."

"சொல்லவேண்டியதுதானே அவங்ககிட்ட. நானும் நாலு வருஷமா பாக்குறேன்."

எதைச் சொல்வது? நான் அவளிடம் சொல்லாததா? 'உன் காபியைக் குடித்த செத்தவர்கள் எழுந்து வந்து பாக்கி வரியைக் கட்டிவிட்டுப் போனார்கள்.' 'நீ தும்மினால் ஏரியில் கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்புகின்றன.' அவளும் விட்டவள் இல்லை: 'உன் வழுக்கையைப் பார்த்து நிலா வெட்கப்பட்டு விடுப்பு எடுத்தது.' நாலு வருஷமாக இப்படித்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. ஆனால் இரண்டு பேர் காலிலும் பூட்ஸ். ஒன்றுகூடக் கணக்கில் சேராது.

ஒரே ஒரு தடவை கழற்றியிருந்தால் போதும். கழற்றினேனே — எதுக்கு? நாற்பத்து மூணு பேரை முட்டாளாக்க. ஏன்டா ஹால்வர், உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?

பிப்ரவரி 4

லெனோர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுக்கப் போனேன். (எட்டு லாரிப் பனி. சரி, இரண்டு வாளி.) ஆங்கிலத்திலேயே சொல்லிப் பார்த்தேன். "போகாதே, லெனோர்."

அவள் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "உன் இங்கிலீஷ் மட்டும் என்ன யோக்கியமா? கரடியோட சீட்டாடி ஜெயிச்சேன்னு போன வருஷம் நீ இங்கிலீஷ்லதான் சொன்ன."

"அது வேற."

"கரடி உனக்கு இன்னும் பாக்கி தரணும்னுகூட சொன்ன."

கதவைச் சாத்திவிட்டாள். மெதுவாகத்தான்.

பிப்ரவரி 9

கால் ஊமையானவனுக்காக வேறொருவர் கழற்றி நின்று சொல்லலாம் என்று தொடரின் ஏழாவது வாரத்தில் வருகிறது. என் கையாலேயே எழுதியது. வேர்ன் கடைக்குப் போய்க் கெஞ்சினேன்.

அவன் ஒரு சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தான். தலையை வெளியே எடுக்காமலே பேசினான். "உங்க காதலுக்கு என் காலா? என் கால்ல ஏற்கெனவே ரெண்டு ஆணி இருக்கு பெரியவரே."

"வேர்ன், உன் கால் பளிங்கு மண்டபத்துத் தூண்—"

"அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

எடுத்துக் கொடுத்தேன். தப்பான சைஸாம்.

மார்ச் 1, சனி

எழுதக் கை வரவில்லை. கால் அதைவிட மோசம்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கார்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வண்டி நிறுத்தும் இடத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு பூட்ஸையும் கழற்றினேன். இரண்டையும். அந்த ஓர்வா கிரகத்தில் அப்படிச் செய்தவன் பிழைக்க மாட்டான். தொடரில் ஒருவனும் செய்ததில்லை. பனி முட்டிவரை. ஏரிக்காற்று என் மீசையில் பாதியைப் பிய்த்து ஏரிக்கு அக்கரை விஸ்கான்சின் பக்கம் கொண்டுபோனது.

"வேர்ன், மன்னிச்சுக்கோ," என்று கத்தினேன். "லெனோர், நீ போனா இந்த ஊர்ல சூரியன்—"

"விரல் போயிடும், மாமா," என்று பிரிட்டா போர்வையோடு ஓடிவந்தாள்.

லெனோர் காரிலிருந்து இறங்கி நிதானமாக நடந்து வந்தாள். என் பூட்ஸ்களைப் பொறுக்கி, உள்ளே விழுந்த பனியைத் தட்டி, காலுக்கு நேரே வைத்தாள்.

"ஒரு பூட்ஸ் கழட்டினா உண்மை. ரெண்டையும் கழட்டினா அதுவும் மிகைதான், ஹால்வர். உனக்குச் சின்னதா ஒண்ணு சொல்லத் தெரியுமா? வாழ்க்கையில ஒரு தடவையாவது?"

பதில் சொல்லப் பல் தந்தியடித்தது. அவள் போய்விட்டாள்.

மார்ச் 2

இரண்டு சுண்டுவிரலும் கத்தரிக்காய் நிறம். பிரிட்டா, "வெட்டவேண்டாம்" என்கிறாள். ஏமாற்றத்தோடு சொல்வதுபோல் இருக்கிறது.

மார்ச் 8, சனி

விந்தி விந்தி வேர்ன் கடைக்குப் போனேன். பளிங்குத் தூணெல்லாம் இல்லை. "உன் லீவைக் கெடுத்துட்டேன். எப்படிச் சரி பண்றதுன்னு தெரியலை," என்றேன். பூட்ஸ் காலில்தான் இருந்தது. ஓர்வாக்கில்தான் சொன்னேன். அந்த மொழியில் பூட்ஸோடு இப்படிச் சொல்வது பட்டப்பகலில் உள்ளாடையோடு தபால் வாங்க வருவது மாதிரி. வேர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், கூச்சத்தில்.

ஸ்பேனரைத் துடைத்தபடி, "எங்க மச்சான்கிட்ட ஒரு கேமரா கெடக்கு," என்றான். "படக்காரங்க வரலைன்னா என்ன, நாமளே எடுத்தா ஜூன்ல படம் எடுத்ததா ஆகாதா? சிமென்ட்ல நின்னு சொன்னது. பொய்யா விட்டுவைக்கிறது நல்லால்ல."

"யாரு நடிக்கிறது?"

"நீங்க லாரி ஓட்டுங்க."

மார்ச் 15

லெனோரின் கார் கொட்டகையில் பெட்டி கட்ட உதவினேன். பாத்திரம், தபால்தலை ஆல்பங்கள், ரேயின் மீன்பிடிக் கோல்கள். கதவு திறந்தே கிடந்தது, நல்ல குளிர்; இருவரும் பூட்ஸோடு நின்றோம். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"என்ன, இன்னைக்குச் செத்தவங்க யாரும் எந்திரிச்சு வரலையா?" என்றாள் ஓர்வாக்கில்.

நாக்கு நுனிவரை வந்தது. ஒரு சுடுகாடே எழுந்து ஊர்வலம் வரும் அளவுக்கு ஒன்று வைத்திருந்தேன். விழுங்கினேன். வாழ்நாளில் நான் தூக்கிய கனமான பொருள் அதுதான். (பியானோவையும் சேர்த்துச் சொல்கிறேன்.)

"சுமார்தான் காபி," என்றேன். "எப்பவுமே சுமார்தான். கொஞ்சம் கருகின வாசனை. நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்."

அவள் ஒட்டிக்கொண்டிருந்த டேப்பை அறுக்கவில்லை. பத்திரிகைத்தாளில் பாதி சுற்றிய தட்டு கையிலேயே இருந்தது.

"கருகின வாசனையா?"

"ஆமா."

"முப்பது வருஷமாவா?"

"இருபத்தி ஒம்போது."

அவள் தன் கோப்பையை மோந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். "கருகித்தான் இருக்கு," என்றாள். தட்டைச் சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தாள். மீதிப் பெட்டிகளை இருவரும் கட்டினோம். நான் பதினேழு கட்டினேன். நூற்றுப்பதினேழு என்று எழுதத்தான் பேனா எடுத்தேன்.

மார்ச் 29

செய்தி இல்லை. மாதக் கூட்டத்தில் ஏழு கடலை ஆளும் சக்கரவர்த்தி மாதிரி — என்னென்னமோ எழுதுகிறேன். உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். லெனோர் குறிப்பு வாசித்தாள். அடுத்த செயலாளர் தேர்வு என்ற வரி வந்ததும் 'ஒத்திவைப்பு' என்று சொல்லித் தாளைத் திருப்பினாள்.

ஒத்திவைப்புன்னா என்ன அர்த்தம்? எவ்வளவு நாளைக்கு? கேட்கலாமா? கேட்கக் கூடாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தெருவில் பனி கரைந்து ஓடுகிறது. லெனோர் வீட்டு வாசலில் நட்டிருந்த விற்பனைப் பலகையை, அவள் சொன்னதன்பேரில், வீட்டுத்தரகர் நேற்று பிடுங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். புகையிட்ட மீன், உருளைக்கிழங்கு, ரை ரொட்டி. எங்கள் கூட்டத்தார் யார் வீட்டுக்குள் போனாலும் பூட்ஸைக் கழற்றிய கையோடு வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வோம். இல்லாவிட்டால் வாய் மாட்டிக்கொள்ளும். நானும் மாட்டிக்கொண்டேன். என் கால் ஜனவரிவரை ஊமைதான், ஆனாலும் பழக்கம்.

அவள் அடுப்பு முன்னால் நின்று முள்கரண்டியால் கிழங்கைக் குத்திப் பார்த்தாள். பிறகு இடது செருப்பை உதறி, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலைத் தரை ஓட்டில் ஊன்றினாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கிழங்கு இன்னும் கொஞ்சம் வேகணும்," என்றாள்.

சரி என்றேன்.

அப்புறம் மகனைப் பற்றிச் சொன்னாள், ரேயைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, ஜூன் படத்தில் கிழவி வேஷம் தந்தால் வேர்னை என்ன செய்வாள் என்பதைப் பற்றி. கிழங்கு வெந்தது, சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம். நான் கிளம்பும்போது மணி நாலரை. அதுவரை அவள் அந்தச் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.