ஓரத்தில் இருந்த அம்மா

அன்புள்ள யதுவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், நீ படிக்கும் டவுன்ஸ்வில்லின் வெயில் உன்னையும் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே கிளென் வேவர்லியில் மூன்று நாளாக மழை, ரயிலில் இருந்து எழுதுகிறேன், யன்னலுக்கு வெளியே வீடுகள் கரைந்து போகின்றன. நான் வேலை செய்யும் யூதர்களின் ஆவணக் காப்பகத்தில் இந்த மாதம் சில்பர்மன் என்ற முதியவரின் கடிதங்களை ஸ்கேன் செய்கிறேன். அவர் அடிலெய்டில் படித்த காலத்தில், கார்ல்டனில் இருந்து அவருடைய அம்மா யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் எழுதியவை. வலமிருந்து இடம் போகும் எழுத்து, எனக்கு ஒன்றும் விளங்காது. விளக்குப் பெட்டியில் வைத்தால் மை மெல்ல மிதந்து வரும். பக்கத்து அறையில் யாரோ கதைப்பது போல.

அவருக்குப் பார்வை மங்குகிறது, திரையில் பெரிதாக்கினால்தான் ஒழுங்காக வாசிக்க முடியும். கடிதங்களை ஞாயிறன்று அவருடைய மகள் கனடாவுக்குக் கொண்டு போகிறாள். பிறகு அவரிடம் மிஞ்சுவது எங்கள் படங்கள்தான். நேற்று அவற்றைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, வானிலையை எல்லாம் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டீர்கள், என் அம்மாவைத்தான் வெட்டி எறிந்துவிட்டீர்கள் என்றார். தாளின் ஓரங்களில் தலைகீழாகவும் சாய்வாகவும் கிடந்தவற்றைப் பேனா எழுதிப் பார்த்த கிறுக்கல் என்று நினைத்து, படம் துப்புரவாக இருக்கட்டும் என்று திரையில் நறுக்கியிருந்தேன். நடுவில் இருப்பது மழை வெயில் பற்றி, அப்பாவும் வாசிக்கும் கடிதமாம். அப்பா கையெழுத்துப் போட்ட பிறகு, உறை ஒட்டுவதற்குள், அம்மா ஓரத்தில் எழுதுவாராம். சில்பர்மன் தாளின் மேல் பூதக்கண்ணாடி பிடித்து ஒன்றை எழுத்து எழுத்தாக வாசித்து, ஆங்கிலத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமை மேசையில் உன் தட்டையும் வைத்துவிட்டேன், யாரும் பார்க்குமுன் எடுத்துவிட்டேன், ஈரச் சப்பாத்தோடு வகுப்பில் இருக்காதே.

வீட்டில் சொன்னேன். ஒரு தாய்க்கு இன்னொரு தாயை அடையாளம் தெரியேல்லையோ எண்டு அப்பா பகிடி பண்ணினார்.

இன்று வெள்ளி. பொழுது படுமுன் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள், சனி யூதர்களின் ஓய்வுநாள், திறக்கமாட்டார்கள். அதற்குள் எல்லாத் தாள்களையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், முடியுமோ தெரியாது.

யது, இந்தப் பரீட்சையில் நீ தவறினாலும் வீட்டுக்கு வரலாம். அப்பா வேறு சொல்லுவார். நான் இதைச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடியை மாற்று. எந்தக் குறையும் உன்னை அண்டாதிருக்கட்டும்.

உன் அம்மா
அருந்ததி

பின்னேரம்: எல்லாத் தாள்களும் ஓரத்தோடு வந்துவிட்டன. கடிதப் பெட்டியை அவர் மகளிடம் கொடுத்தேன். இதை அப்பாவிடம் காட்டாமல் உறைக்குள் வைக்கிறேன்.