கம்ப்ரசர் காற்று

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

நான் நலம். எருமப்பட்டி டாக்டர் உன் முழங்காலுக்கு என்ன சொன்னார்?

நம் மகள் கயல்விழி தந்த கையடக்க கேம் கம்ப்யூட்டரில் போர்வெல் புழுதி அடைத்துக்கொண்டது. போர் போடும் ரிக் வண்டியின் கம்ப்ரசர் காற்றால் ஊதினேன். உள்ளே விசிறி உடைந்துவிட்டது.

"பாறையத் துளைக்கற காத்துங்க! பிசிக்ஸ் படிச்ச சாருக்குத் தெரியாதுங்களா?" என்று டிரில்லர் வீரன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். இப்போது விசிறி இல்லாமலே, அதன் வேகத்தையும் திரை வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்து விளையாடுகிறேன். சூடாவதில்லை, சார்ஜும் ஐந்து மணி நேரம் நிற்கிறது.

மூன்றே மாதம் என்று சொல்லித்தான் உன் தம்பி மணிமாறன் தன் வண்டிக்கு மேனேஜராக என்னை அனுப்பினான். பதினொன்று முடிந்துவிட்டது. "மழை புடிச்சா வண்டியோடயே வந்தர்லாங்க மாமா" என்கிறான்.

புது விசிறி வாங்கி அனுப்பு. வேண்டாம், அனுப்பாதே. என்னை ஊருக்கு அனுப்பச் சொல்லி நீயே அவனிடம் பேசு. நானாக அவனிடம் கேட்க மாட்டேன்.

ஆட்கள் கூப்பிடுகிறார்கள். வண்டி இன்னும் வடக்கே போகிறது.

செங்கோடன்