வெறும் இலைதானே

பிப்ரவரி 9
அடுத்த மாதம் இவருக்கு உடல் தகுதிப் பரிசோதனை. எடை குறையாவிட்டால் லாரி ஓட்ட விடமாட்டார்களாம். அதற்காகத் தேயிலைச் சாற்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார். வாங்கித் தந்தது நாத்தனார். இவருடைய அக்கா, பக்கத்துத் தெரு, தாயில்லாத இவரை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவரும் அதைத்தான் போடுகிறார். சோப்புக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்திலிருந்து நான் வீடு திரும்பும்போது இங்கே இருந்தால் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொள்வார். "கெமிக்கல் வந்தாச்சு, ஜன்னலைத் தெறங்க." சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

மார்ச் 2
இவர் கண் மஞ்சளாகத் தெரிகிறது. விளக்கு வெளிச்சமோ என்று ஜன்னலோரம் இழுத்துப்போய்ப் பார்த்தேன். விளக்கு இல்லை.

மார்ச் 4
ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஈரல் வீக்கம். குடிப்பாரா, வேறு மருந்து எடுக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினார் இவர்.

வராந்தாவில், எல்லார் எதிரிலும், நாத்தனார் சொன்னார்: "தெனம் துணியில கெமிக்கல ஒட்டிக்கிட்டு வர்றியே, அதான் அவன் ஈரல்ல எறங்கியிருக்கு."

எனக்குக் கோபமில்லை, பயம். பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் தொடும் ஒவ்வொன்றுக்கும் கையுறை உண்டு. எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று சீட்டு ஒட்டியிருக்கும். அப்படியும் — என்னாலயா?

மார்ச் 5
தாங்க முடியாமல் டாக்டரிடமே போய் என் வேலையைச் சொல்லிக் கேட்டேன்.

"உங்க துணியிலேர்ந்து இது வராதும்மா. வாய் வழியா என்ன போகுது?"

அப்போதுதான் மாத்திரை நினைவுக்கு வந்தது. பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் படித்தார். "டீயாக் குடிச்சா ஒண்ணும் பண்ணாது. இதுல சாறை இறுக்கி அடைச்சிருக்கான். சில பேர் ஈரல் தாங்காது. யாரு தாங்க மாட்டாங்கன்னு முன்னாடியே சொல்லவும் முடியாது."

இவரிடம் கேட்டேன். "அக்கா ரெண்டுதான் போடச் சொன்னா. இலைதானேன்னு நாலு போட்டேன்."

நாத்தனார் நம்பவில்லை. "நானும்தானே போடறேன், எனக்கென்ன ஆச்சு? வெறும் இலைடி அது."

"இலையில இருந்தாலும் அதுவும் கெமிக்கல்தான் அண்ணி," என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 8
இவருக்குப் பேச்சு குழறுகிறது. என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

மார்ச் 9
மாற்று ஈரல் ஒன்றுதான் வழியாம். உறவில் ஒருவர் ஒரு துண்டு தரலாம். என் ரத்த வகை சேராது. இத்தனை வருஷம் சேர்ந்தே கிடந்தவள், எனக்குச் சேராதாம். நாத்தனாருடையது சேரும். "முழுசா வேணும்னாலும் எடுத்துக்கட்டும்," என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். இன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

மார்ச் 10
எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். நாத்தனார் ஈரலும் கெட்டிருக்கிறது. அதே மாத்திரை. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் கையால குடுத்தேனேடி. நல்லதுன்னு குடுத்தேனே."

திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முடியல. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். வேற எங்க போவேன் நான்?

மார்ச் 12
இறந்தவர் யாருடையதாவது கிடைக்கும் என்று காத்திருந்தோம். யாருடைய ஈரலும் வரவில்லை.

ஏப்ரல் 20
நாத்தனாருக்கு மறு பரிசோதனை. தனியாகப் போகப் பயந்தார், நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். புது நர்ஸ்.

"குடும்பத்துல வேற யாருக்காவது ஈரல் பிரச்சினை இருக்கா?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "இவங்க தம்பிக்கு."

"இப்ப எப்படி இருக்காரு?"

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் குனிந்து எதையோ எழுதத் தொடங்கினாள்.

முடிவு வந்தது. ஈரல் தேறிக்கொண்டு வருகிறது.

வெளியே வந்ததும் கேட்டார்: "மாத்திரைய விட்டதுனாலயா?"

"ஆமா அண்ணி."

"அப்ப அவனும் கொஞ்சம் முன்னாடியே விட்டிருந்தா..."

"பஸ் வருது அண்ணி," என்றேன். பஸ் எதுவும் வரவில்லை. அவரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.