குத்தகைக் கார்

27.9.1985, வெள்ளி

இன்றோடு இந்தக் காரை விட்டுத் தொலைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

தை மாதம் வரை குத்தகைக்கு ஓட்டுவதாக முதலாளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரிப்பேர் என் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. பிரேக் ஒரு சமயம் பிடிக்கிறது, ஒரு சமயம் பிடிப்பதில்லை. மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. போன வாரம் திண்டிவனத்தில் அவருடைய மல்லாட்டை மண்டிக்கே போய், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே நின்று, வண்டி வேண்டாம் என்று கும்பிட்டேன். "உன் எடத்துக்கு ஒரு ஆளக் கொண்டாந்து உட்டுட்டுப் போய்க்கினே இரு" என்றார்.

விழுப்புரம் ஸ்டாண்டில் கூலிக்கு ஓட்டும் ஏழுமலை சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். இன்று மாலை அவன் வீட்டு வாசலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அவன் மனைவி கற்பூரம் ஏற்றினாள். இரண்டு பெண் குழந்தைகளும் பின்சீட்டில் ஏறிக் குதித்தன. நான் சாவியை நீட்டினேன்.

"வண்டி எப்டிண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

பொய் தயாராகத்தான் இருந்தது. வாயில் வரவில்லை. "பிரேக்க நம்ப முடியாதுடா" என்றேன்.

அவன் குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். "ஒரு வாரமா இத்த சொல்லாம இருந்துக்கினு இருந்தியேண்ணே" என்றான்.

சாவி என்னிடமே இருக்கிறது. நாளை பௌர்ணமி. திருவக்கரை காளி கோயிலுக்குப் போக ஒரு குடும்பம் அச்சாரம் கொடுத்திருக்கிறது. விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அவர்கள் கேட்டால் அவர்களிடமும் சொல்லிவிடுவேன். ஆனால் வாடகைக்கு ஏறுகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.