சிப்பிக்கு ஒரு வாய்

பிப்ரவரி 3, செவ்வாய்

சிப்பியின் சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன. தென்னூர் கால்நடை மருத்துவர் யமுனா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சொன்னார். "வயசான நாய் சார். சாப்பாட்டை அதுவே நிறுத்திடும். கட்டாயப்படுத்தாதீங்க."

நாய் நிறுத்தினால் எங்கள் மகளும் நிறுத்திவிடுவாள். ஸ்ரீரங்கம் திரும்பும் வரை ஆட்டோவில் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5

கனிஷ்காவுக்குப் பதினொரு வயது. மூளை முடக்குவாதம். பேச்சில்லை, நடையில்லை, விழுங்குவதே பெரிய வேலை. சின்ன வயதில் அவளை வாய் திறக்க வைக்க என் மனைவி பிரேமலதா ஒரு வழி கண்டுபிடித்தாள். 'சிப்பிக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்.' மற்ற வீடுகளில் காக்காவையும் நிலாவையும் காட்டுவது போலத்தான். அங்கே பிள்ளைகள் வளர்ந்ததும் அது நின்றுவிடும். இங்கே நிற்கவில்லை. முதல் உருண்டையை நாய் வாங்குவதைப் பார்த்தால்தான் இவள் வாய் திறப்பாள்.

இன்று சிப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவள் வாய் திறக்கவேயில்லை.

பிப்ரவரி 8

சிப்பி சாப்பிடுகிறது! நேற்றும் இன்றும் குழைந்த தயிர்சாதம். கனிஷ்காவுக்கும் அரைக் கிண்ணம் இறங்கியது.

"உங்க டாக்டரம்மாவ நம்ம வீட்டு சாம்பாரை ஒரு நாள் சாப்பிடச் சொல்லுங்க. அவங்களே படுத்துடுவாங்க. நம்ம சிப்பி இத்தனை வருஷம் தாங்கலையா?" என்றாள் பிரேமலதா. சிரித்தோம்.

பிப்ரவரி 11

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்."

பெருக்கிக்கொண்டிருந்த பிரேமலதா கட்டிலடியைக் காட்டினாள். சோற்று உருண்டைகள். சில காய்ந்திருந்தன, சிலவற்றில் எறும்பு. சிப்பி எதையுமே விழுங்கவில்லை. வாயில் வாங்கி, கனிஷ்கா வாய் திறக்கும்வரை வைத்திருந்து, பிறகு அங்கே போய்த் துப்பியிருக்கிறது.

அவளுக்காகவா? வெறும் பழக்கமா? நாயின் மனதில் இருந்ததை எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாம இந்த டைரியில நான் எதையும் எழுதினதில்ல— ஆனா இதை வேற என்னன்னு எழுதறது?

பிப்ரவரி 14

சிப்பி தலையைத் தூக்கவில்லை. கனிஷ்காவின் கையை அதன் காதின் மேல் வைத்தோம்.

பிப்ரவரி 15

விடிந்ததும் சிப்பி இறந்தது. கொள்ளிடக் கரையில் பக்கத்து வீட்டுப் பிச்சமுத்து குழி வெட்டிக் கொடுத்தார். "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

எப்படிச் சொல்றது?

பிப்ரவரி 17

சிப்பியின் இடத்தில், தரையில் உட்கார்ந்து முதல் உருண்டையை நானே வாயில் வாங்கிப் பார்த்தேன். கனிஷ்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வாசல் பக்கம் பார்த்தாள்.

"போதுங்க. எழுந்திரிங்க" என்றாள் பிரேமலதா.

பிப்ரவரி 20, வெள்ளி

மருத்துவமனை. நேற்றிலிருந்து கனிஷ்காவுக்கு மூக்கு வழியாகக் குழாய். பால் அதில் இறங்குகிறது. அவள் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறாள்.

இது தற்காலிகம்தானாம். அடுத்தது வயிற்றில் துளையிட்டு நிரந்தரக் குழாய். மயக்க மருந்தை அவள் இதயம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மறுபடி வாயால் சாப்பிடுவாளா என்று குழந்தை மருத்துவரைக் கேட்டேன். "இப்போதைக்கு அதை எதிர்பார்க்காதீங்க சார்" என்றார்.

இதயப் பரிசோதனை முடிவு வரவில்லை. செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.