தாய்மாமன் சீராக ஒரு சிட்டிகை ரத்தம்

12-8-1978, சனிக்கிழமை இரவு

இன்று நடந்ததை ஈரேழு உலகமும் நம்பாது. அரங்கன் சாட்சியாக எழுதுகிறேன்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அக்கா மகன் சேகருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. ரத்தம் உறைவதை ஆராயும் டாக்டரம்மா, ஒப்பிட்டுப் பார்க்க ஒழுங்காக உறையும் ரத்தம் வேண்டும் என்றார். நான் கம்பீரமாகக் கையை நீட்டினேன்.

"தாய்மாமன் சீர்னு ஒரு சட்டை எடுத்துத் தந்ததில்ல, இதையாவது குடு," என்றாள் அக்கா.

ஊசி கடப்பாரை அளவு. ஆடிப்பெருக்குக் காவிரியாகப் பாய்ந்த என் ரத்தம் அப்படியே கல்லாகி, மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு மலையாக எழுந்தது.

"மாமா, கண்ணைத் திறங்க. இன்னும் ஊசியே போடல," என்றான் சேகர், வாயில் பஞ்சோடு.

அவன் ரத்தம் குழாயில் தண்ணீராக ஆடியது. இன்னொரு குழாயில் அதோடு, பிறகு சின்ன ஊசியால் எடுத்த என்னுடையதைக் கொஞ்சம் கலந்து, காத்திருந்து, சாய்த்துப் பார்த்தார் டாக்டரம்மா.

"ரத்தத்தை உறைய வைக்கிற சத்து அவர்கிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்கு. அந்தச் சத்து இருக்கிற பிளாஸ்மா ஏத்தினா நின்னுடும்."

ஏற்றினார்கள், நின்றது. ராத்திரி ரசம் சாதம் கேட்டானாம். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

கடப்பாரை பொய். மலையும் பொய். சாய்த்த அந்தக் குழாயில் எதுவும் அசையவில்லை என்பது மட்டும் மெய்.